மரம், சிரட்டை, கொம்பு, சங்கு: காதுக்கும் மூக்குக்கும் இயற்கை நகை தேர்ந்தெடுக்கவும் பேணவும் முழுமையான வழிகாட்டி

ஆச்சிமார் காதில் பாம்படம் ஆடிய காலத்தில் அந்தத் துளை ஒரே நாளில் வந்துவிடவில்லை. குத்திய துளை ஆறிய பிறகு பனையோலையை நறுக்கி, இறுக்கமாகச் சுருட்டி உள்ளே வைப்பார்கள். ஓலைச் சுருள் விரியப் பார்க்கும். அந்த மெல்லிய அழுத்தத்தில் துளையும் நாள்பட விரியும். தளர்ந்ததும் இன்னொரு சுற்று ஓலை. நெட்டித் தக்கையும் இதே வேலையைச் செய்தது. காதோலை என்ற சொல் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இப்போது ‘பிளக்’ என்று விற்கும் மரத் தக்கையும், சிரட்டைத் தொங்கட்டானும், கொம்பு வளையமும் நம் குமரி மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. அவற்றை வாங்கும் அவசரம்தான் புதிது.

இயற்கைப் பொருளில் செய்த நகைக்கு உலோகத்திடம் இல்லாத இரண்டு குணங்கள் உண்டு. ஈரத்தைக் குடிக்கும், காற்றுக்கு ஏற்பப் பெருகிச் சுருங்கும். கீழே சொல்லும் எல்லா வேலைகளும் இந்த இரண்டிலிருந்தே வருகின்றன. அதனால்தான் முதல் விதியும் இது: இயற்கைப் பொருள் ஆறிய துளைக்கு மட்டும்.

துளை ஆறிவிட்டதா?

புதுத் துளை ஒரு புண். அதில் வைக்கும் பொருளைக் கிருமி நீக்க வேண்டும் என்றால் 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தில், 15 நிமிடமாவது வைக்க வேண்டும். உலோகமும் கண்ணாடியும் அதைத் தாங்கும். மரம் பிளக்கும், கொம்பு வளையும், எலும்பு வெடிக்கும். வெந்நீரில் முக்குவதும் டெட்டாலில் ஊறவைப்பதும் நுண்துளைகளுக்குள் இருக்கும் கிருமியை எட்டாது. புண்ணிலிருந்து கசியும் நீர் அந்த நுண்துளைகளில் போய்த் தங்கி, கிருமி குடியிருக்க இடம் கொடுக்கும்.

காது குத்திய கையோடு வேப்பங்குச்சியோ விளக்குமாற்று ஈர்க்கிலோ செருகும் வழக்கம் இங்கே இன்னும் பல வீடுகளில் உண்டு. வேம்பில் கிருமியை அடக்கும் பொருள்கள் இருப்பது உண்மைதான். ஆனால் முற்றத்தில் ஒடித்த குச்சியின் மேல் தூசியும் பூஞ்சையும் இருக்கும். காய்ந்ததும் அதன் நார் பிரிந்து புண்ணுக்குள் சிலாம்பாக ஏறும். முதல் நகை டைட்டானியமாகவோ நல்ல தங்கமாகவோ இருக்கட்டும். வேம்பு வேண்டுமென்றால் ஆறிய பிறகு போடலாம்.

காதுச் சோணை, அதாவது காதின் அடியில் தொங்கும் மென்சதை, ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். காதின் மேல்பகுதிக் குருத்தெலும்பு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை இழுக்கும். மூக்கு மடலுக்கு 4 முதல் 6 மாதம். நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். காலையில் எழுந்ததும் நகையைச் சுற்றி மஞ்சள் பொருக்கு இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, ஓரம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் தொடர்ந்து இரண்டு வாரம் இல்லையென்றால் துளை தயார்.

ஆறும் காலத்தில் கழுவ மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 விழுக்காடு சலைன் என்ற உப்புநீர் போதும். கடலில் குளித்தால் புண் ஆறிவிடும் என்று குளச்சல் பக்கமும் முட்டம் பக்கமும் சொல்வார்கள். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு. புண்ணுக்குத் தேவையானதைவிட நான்கு மடங்கு. கூடவே கரையோரக் கழிவின் கிருமிகளும் வரும். ஆறும்வரை கடலும் குளமும் வேண்டாம்.

நாக்கு, உதடு, தொப்புள் ஆகிய இடங்களுக்கு இயற்கைப் பொருளை நாங்கள் சொல்லவே மாட்டோம். எப்போதும் ஈரமோ உரசலோ இருக்கும் இடங்கள் அவை.

அளவு எடுப்பது

கடைகளில் கேஜ் கணக்கிலும் மில்லிமீட்டர் கணக்கிலும் சொல்வார்கள். கேஜ் எண் குறையக் குறையக் கனம் கூடும்: 18 கேஜ் 1 மி.மீ., 16 கேஜ் 1.2, 14 கேஜ் 1.6, 8 கேஜ் 3.2, 6 கேஜ் 4, 4 கேஜ் 5, 0 கேஜ் 8 மி.மீ. அதற்கு மேலும் கீழும் நிறுவனத்துக்கு நிறுவனம் அரை மி.மீ. மாறுவதால், எப்போதும் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். கையால் கடையும் மரத்தில் இடது தக்கைக்கும் வலது தக்கைக்குமே வித்தியாசம் வரும். வெர்னியர் அளவுகோல் வைத்து இரண்டையும் அளந்து பாருங்கள். 0.2 மி.மீ.க்குள் இருந்தால் சரி.

இன்னொரு அளவையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: தக்கையின் நீளம், அதாவது சோணையின் கனத்துக்கு ஏற்ற இடைவெளி. இரண்டு விளிம்புகளுக்கு நடுவே உள்ள நேர்ப்பகுதி சோணையின் கனத்தைவிட 1 முதல் 2 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பு சதையை நெரிக்கும், இரத்த ஓட்டம் தடைபடும். கூடினால் தக்கை முன்னும் பின்னும் ஆடி உள்தோலைத் தேய்க்கும்.

இருபுறமும் விளிம்பு விரிந்த தக்கையைப் போட, துளை அந்த விளிம்பைத் தாண்டவிட வேண்டும். அதற்குத் துளை குறித்த அளவைவிடச் சற்று இளகியிருக்க வேண்டும். புதியவர்கள் ஒருபுறம் மட்டும் விரிந்து, மறுபுறம் சிலிக்கோன் ஓ-ரிங் மாட்டும் வகையில் தொடங்குவது நல்லது.

சாதாரணத் தங்கத் தோட்டுக்குக் குத்திய துளை ஒரு மி.மீ. குறுக்களவில்தான் இருக்கும். அந்தக் கனத்தில் மரக் குச்சியோ கொம்புக் குச்சியோ போடக் கூடாது; துளைக்குள்ளேயே ஒடியும். 3 மி.மீ.க்குக் குறைந்த துளைகளுக்குத் தண்டு உலோகமாகவும் முகப்பு மட்டும் மரமாகவோ சங்காகவோ இருக்கட்டும். துளையைப் பெரிதாக்க விரும்பினால் ஒரு தடவைக்கு ஒரே அளவுதான் ஏற வேண்டும், குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு, 6 மி.மீ.க்கு மேல் போனால் இரண்டு மூன்று மாதம். பெரிதாக்கும் வேலையைக் கண்ணாடி அல்லது டைட்டானியத்தால் செய்து, வலி முழுக்கப் போன பிறகே மரத்துக்கு மாறுங்கள். விரிக்கும்போது சதையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஆகவே அதுவும் ஒரு புதுப் புண்தான்.

எந்த மரம்?

அயனி, பலா, புளியின் உள்வைரம் (நடுவிலுள்ள முற்றிய கட்டை) ஆகிய மூன்றும் நம் பக்கத்து மரக்கடைகளில் துண்டாகக் கிடைக்கும். தோலோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். புளியின் கறுத்த வைரம் நெருக்கமானது, வழுவழுப்பாகத் தேயும். பலாவின் மஞ்சள் நிறம் நாளாக நாளாகத் தேன் நிறத்துக்குப் போகும்; பார்க்க மிக அழகாக இருக்கும்.

தேக்கை எல்லோரும் உயர்ந்த மரம் என்பார்கள். கதவுக்கு உயர்ந்ததுதான். அதிலுள்ள இயற்கைச் சேர்மங்கள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். மர ஆசாரிகள் தேக்குத் தூளில் அவதிப்படுவதற்கும் அதுவே காரணம். ஈட்டி மரமும் அப்படித்தான். முதல் நாள் ஒன்றும் செய்யாது, சில வாரம் அணிந்த பிறகு திடீரென்று அரிப்பு தொடங்கும். ஒருமுறை உடல் அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பிறகு மாறாது. இவற்றைப் போட விரும்பினால், முழங்கை மடிப்பின் உட்புறம் ஒரு சிறு துண்டை வைத்துத் துணியால் கட்டி 48 மணிநேரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கொல்லாமாவு, அதாவது முந்திரி மரம் கட்டாயம் வேண்டாம். கொல்லங்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை வெந்துபோகச் செய்யும் ஓட்டு எண்ணெயை அறியாதவர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். அதே மரத்தின் பாலைச் சோணைக்குள் வைப்பது ஆபத்து. மாமரமும் அந்தக் குடும்பமே, ஒதுக்கிவிடுவது நல்லது. பனங்கட்டையும் தென்னங்கட்டையும் கறுப்புக் கோடுகளோடு மிக அழகாக இருக்கும். ஆனால் அவை நாரின் கட்டு. ஈரம் பட்டால் நார் தலை தூக்கும். தொங்கட்டானாகப் போடலாம், துளைக்குள் போகும் தக்கையாக வேண்டாம்.

கருங்காலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இப்போது அதன் பெயரில் கறுப்புச் சாயம் பூசிய எந்தக் கட்டையும் விலைபோகிறது. தமிழில் அந்தப் பெயரே இரண்டு வேறு மரங்களைக் குறிக்கிறது: ஒன்று கறுத்த வைரம் கொண்ட எபனி வகை, இன்னொன்று காசுக்கட்டி எடுக்கும் கருவேல உறவு மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அடர்த்தியான வேறு மரமும் மூழ்கும். நனைத்த வெள்ளைப் பஞ்சால் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் வாங்காதீர்கள். நிறம் இறங்குவதையே அசலின் அடையாளம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. மாலைக்கு அது எப்படியோ போகட்டும்; துளைக்குள் போகும் பொருளில் நிறம் இறங்குவது குற்றம்.

மரத்தின் இழை ஓடும் திசையைக் கட்டாயம் பாருங்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் பெருகும். தக்கையின் அச்சோடு இழை ஓடினால் சோணையைத் தொடும் பக்கம் வழுவழுப்பாக இருக்கும், தண்டும் ஒடியாது. வெட்டுமுகம் இரண்டும், அதாவது இழை முனைகள் தெரியும் பக்கங்கள், முன்னும் பின்னும் தெரியும். குறுக்காக ஓடினால் வெட்டுமுகம் சதையைத் தொடும். வெட்டுமுகம் வைக்கோல் கட்டு போல நீரை உறிஞ்சும். முன்பக்கம் வரி வரியாக அழகாகத் தெரிவதற்காகப் பலர் குறுக்கிழைத் தக்கையையே விற்கிறார்கள். அழகுக்கு விலை ஈரம்.

மூங்கில் மலிவு, எடை குறைவு. ஆனால் மரத்தைத் துளைக்கும் பூச்சியான உளு விரும்பி வரும். உள் விளிம்பு ஒரு கத்தி போலத் தோலைக் கீறும். நன்றாகத் தேய்த்து மெழுகிட்ட மூங்கில் என்றால் சரி.

சிரட்டை, கொம்பு, எலும்பு, சங்கு, விதை

சிரட்டையின் கனம் 3 முதல் 5 மி.மீ. வரைதான். ஆகவே 10 மி.மீ. நீளமுள்ள ‘முழுச் சிரட்டைத் தக்கை’ என்று யாராவது காட்டினால் அது அடுக்கி ஒட்டியது. ஒட்டுக் கோடு துளைக்குள் வருமானால் வேண்டாம். பசை விட்டுப்போகும்போது விளிம்பு சதையைக் கிள்ளும். சிரட்டையின் அழகு தொங்கட்டானிலும் முகப்பிலும்தான். முற்றின, நன்றாகக் காய்ந்த தேங்காயின் சிரட்டையே உதவும். இளசு என்றால் காய்ந்தபின் வளைந்துவிடும். வீட்டில் செய்வதானால் 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 400, 800, 1200 என்று ஏறுங்கள். எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல் அப்படியே நிற்கும். பளபளப்பு வரும், வழவழப்பு வராது. ஈரத்தில் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள்; சிரட்டைத் தூளும் சங்குத் தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

எருமைக் கொம்பு நம் நகமும் முடியும் ஆன அதே கெரட்டின். தோலுக்கு இதமானது, உடல் சூட்டை எளிதில் ஏற்கும். அலைபேசி வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் இழை இழையாக ஒளி கசியும். பிளாஸ்டிக் என்றால் ஒரே சீராகக் கசியும், வார்ப்பின் கோடும் எங்காவது இருக்கும். கொம்பின் பலவீனம் அடுக்குப் பிரிதல்: காய்ந்தால் வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக எழும்.

எலும்பில் உருப்பெருக்கியால் பார்த்தால் சிறு புள்ளிகளும் கோடுகளும் தெரியும். இரத்தக் குழாய் ஓடிய தடங்கள் அவை. அந்தத் தடங்களில் நிறம் புகும். மஞ்சள் தேய்த்துக் குளிக்கும்போதும் மருதாணி வைக்கும்போதும் முடிச்சாயம் போடும்போதும் எலும்பு நகையைக் கழற்றிவிடுங்கள். ஏறிய மஞ்சள் இறங்காது.

சங்கும் சோழியும் முத்துச்சிப்பியும் சுண்ணாம்புச் சத்தின் உருவங்கள். புளியும் எலுமிச்சையும் வினிகரும் பட்டால் அவை கரையும். வெள்ளிக் கொலுசைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் சங்கையும் தேய்த்து மங்கச் செய்தவர்கள் நிறைய. முத்துச்சிப்பியின் ஒளி மேலேயுள்ள மெல்லிய ஏடுகளில்தான் இருக்கிறது. அது போனால் திரும்ப வராது.

விதைகளில் ஓர் எச்சரிக்கை மட்டும். குன்றிமணியும் மஞ்சாடியும் சிவப்பு விதைகள். குன்றிமணியில் கறுப்புப் பொட்டு உண்டு. அதன் பருப்பில் அப்ரின் என்ற கொடிய நஞ்சும் உண்டு. முழு விதையின் ஓடு அதை அடைத்து வைத்திருக்கிறது. கோர்ப்பதற்காகத் துளையிட்டால் அந்த அடைப்பு உடைந்துவிடும். குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. சிவப்பு விதை வேண்டுமென்றால் முழுச் சிவப்பான மஞ்சாடிக்குரு போதும்.

கொக்கி, தண்டு

சிரட்டைக் கம்மல் போட்டதும் அரிக்கிறது என்பவர்களில் பெரும்பாலோருக்கு அரிப்பு சிரட்டையால் வருவதில்லை. கொக்கியில் உள்ள நிக்கலால் வருவது. மலிவான தொங்கட்டான்களின் கொக்கி பெரும்பாலும் நிக்கல் கலந்த பித்தளை. நம் கடற்காற்றிலும் வியர்வையிலும் மேற்பூச்சு சில மாதத்தில் போய், நிக்கல் வெளியே வரும். டைட்டானியமோ 18, 22 காரட் தங்கமோ கேளுங்கள். வெள்ளி கறுக்கும், ஆனால் ஆறிய துளையில் பெரிய தொல்லை இல்லை. நகையின் முகப்பு பிடித்து, கொக்கி மட்டும் மோசமாக இருந்தால், நாகர்கோவில் வடசேரியில் நகை வேலை செய்யும் ஆசாரியிடம் தங்கத் தண்டு போட்டு வாங்குவது வீண் செலவல்ல. மூக்குத்திக்கு இது கட்டாயம். மூக்கின் உட்புறம் எப்போதும் ஈரம்; மரத் தண்டு அங்கே பெருகிச் சிக்கிக்கொள்ளும்.

கடற்கரைக் கடையில் வாங்கக் கூடாதவை

குமரி முனையில் சங்கு, சிப்பி மாலைகள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சட்டம் தடுக்காத இனத்துச் சோழி, சாதாரணச் சங்கு, முத்துச்சிப்பித் துண்டு ஆகியவற்றை வாங்கலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றை விற்பது மட்டுமல்ல, வாங்கிக் கையில் வைத்திருப்பதும் குற்றம். கடல் ஆமை ஓட்டில் செய்த எதுவும் அதில் அடங்கும்; அழுங்காமை ஓடு மஞ்சளும் பழுப்பும் கலந்து கண்ணைப் பறிக்கும், ஏமாறாதீர்கள். கறும்பவளம், கடல்விசிறி, பாறைப் பவளம், நாட்டிலஸ், ராட்சதக் கிளிஞ்சல் ஆகியவையும் அப்படியே. மோதிரத்தில் வைக்கும் சிவப்புப் பவளம் வேறு இனம். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வருவது.

மலையோரத்துப் பழக்கங்களில் யானைவால் முடி மோதிரமும் புலிநகப் பதக்கமும் உண்டு. இரண்டும் சட்டத்துக்குப் புறம்பு. யானைத் தந்தமும் அவ்வாறே. மான்கொம்பு தானாக உதிர்ந்தது என்று சொன்னாலும் வாங்காதீர்கள். அந்தச் சமாதானம் சட்டத்தில் செல்லாது.

வாங்கும் இடத்தில் ஐந்து நிமிடம்

கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தக்கையை ஒரு சுற்று தடவுங்கள். கண்ணுக்குத் தப்பியதை விரல் கண்டுபிடிக்கும். பிறகு பழைய நைலான் துணியையோ பஞ்சையோ விளிம்பில் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் சோணையின் உள்தோலும் சிக்கும். வெளிச்சத்தில் திருப்பி மயிரிழை வெடிப்பைத் தேடுங்கள், குறிப்பாக வெட்டுமுகத்தின் நடுவில். மோந்து பாருங்கள்: வார்னிஷ், பெயின்ட் வாடை வந்தால் வேண்டாம். மேற்பூச்சு துளைக்குள் உரிந்து வரும். உரிந்த ஏடு சிலாம்பு போலக் குத்தும். எண்ணெயும் மெழுகும் மட்டும் இட்டதே நல்லது. சிறு துளையும் அடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளு இருக்கிறது.

பிறர் அணிந்த இயற்கை நகையை வாங்கவோ இரவல் பெறவோ கூடாது, அக்கா தங்கையாக இருந்தாலும். கிருமி நீக்க வழியில்லாத பொருள் என்பதை மறக்க வேண்டாம். மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் இரத்தத்தின் வழி பரவுபவை.

அணியும் முன்னும் முதல் வாரமும்

வாங்கியதும் போட்டுவிடாதீர்கள். ஒரு சொட்டு மென்சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நல்ல நீரில் பிழிந்த துணியால் மறுபடி துடையுங்கள். முழுக்க முக்க வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில் ஒருநாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து பிளக்கும்.

அடுத்து எண்ணெய். தேங்காய் எண்ணெய் நமக்கு எளிது, விரைவில் கெடாதது. செக்கில் ஆட்டியதானால் இரண்டு நாள் தெளியவிட்டு மேல் எண்ணெயை மட்டும் எடுங்கள். அடிக்கசடு ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வரவழைக்கும். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுப்பாக இறுகுவதால் வேண்டாம். ஒரு தக்கைக்கு இரண்டு சொட்டு. தடவி அரைமணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துணியால் முழுக்கத் துடையுங்கள். வெட்டுமுகம் குடித்துக்கொண்டே இருந்தால் இன்னொரு முறை.

மழைக்காலத்துக்கு மெழுகுத் தைலம் செய்துகொள்ளலாம். தேன்மெழுகு 10 கிராம், தேங்காய் எண்ணெய் 40 மில்லி. தேனீ வளர்க்கும் மார்த்தாண்டம் பக்கத்தில் மெழுகு கேட்டால் கிடைக்கும். மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். நேர் நெருப்பில் வைக்காமல், கொதிக்கும் நீருக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, எண்ணெயைச் சேர்த்துக் கலக்கி, சிறு டப்பாவில் ஊற்றுங்கள். வெட்டுமுகங்களில் பூசி, துணியால் சூடு ஏறத் தேய்த்தால் நீர் எளிதில் இறங்காது. சிக்கு வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் அணிந்து கழற்றிப் பாருங்கள். இரண்டாம் நாள் நான்கு, மூன்றாம் நாள் எட்டு. சிவப்பு, சூடு, அரிப்பு எதுவும் இல்லையென்றால் பகல் முழுக்க அணியலாம். இரவில் கழற்றிவிடுங்கள், தோலும் காயும், தக்கையும் காயும். நெடுநாள் விரிந்து நிலைத்த துளை ஒரு இரவில் மூடிவிடாது. காலையில் இறுக்கமாக இருந்தால் அந்தத் துளை இன்னும் மரத்துக்குத் தயாராகவில்லை என்று பொருள்.

நம் மாவட்டத்துக் காற்றும் மழையும்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் கனமழை. குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் காற்றில் ஈரம் நெடுநாள் நிற்கும். கடற்கரை ஊர்களில் உப்பும் சேரும். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, எந்த மரத்தையும் உலர்த்திவிடும். 10 மி.மீ. மரத் தக்கை பருவ மாற்றத்தில் மட்டும் பத்தில் ஒரு பங்கு மி.மீ. மாறும், நீரில் ஊறினால் 0.4 மி.மீ. வரை பெருகும். சிறிதாகத் தோன்றும். சதை அதை நெரிசலாக உணரும்.

ஆகவே மழை மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை மெழுகு, மற்ற நாளில் உலர்ந்த துணித் துடைப்பு. எண்ணெய் அதிகம் வேண்டாம், எண்ணெயும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை. காற்றடிக்கும் வறண்ட மாதங்களில் வாரம் ஒருமுறை எண்ணெய், கொம்புக்கு இரண்டு முறை. எலும்புக்கு மாதம் ஒரு சொட்டு போதும், மிஞ்சினால் மஞ்சளிக்கும். சங்குக்கு எண்ணெயே வேண்டாம், ஈரத்துணியும் உலர்துணியும் போதும். கடலில் இறங்கும் முன்னும் திற்பரப்பு அருவியில் குளிக்கும் முன்னும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

தினமும் குளிக்கும்போது துளையை மென்சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டே நகையைப் போடுங்கள். விரிந்த துளையில் வரும் வாடை, உதிர்ந்த தோலும் தோலெண்ணெயும் சேர்ந்தது, நோய் அல்ல. கழுவினால் போகும்.

வைக்கும் இடம்

மரம், கொம்பு, எலும்பு நகைகளுக்குப் பருத்திப் பை. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தோடு மூடினால் மூன்றே நாளில் வெண்பூஞ்சை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நெருக்கமாக வைத்தால் அளவுக்கு மீறி உலர்ந்து வெடிக்கும், தள்ளி வையுங்கள். சங்கையும் சிப்பியையும் மட்டும் மூடிய மரப்பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ வைக்காதீர்கள். மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் மெல்லப் புளிப்பு ஆவி கிளம்பும். ஈரமான காற்றில் அது சுண்ணாம்பைத் தின்று சிப்பியின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பூஞ்சை என்று நினைத்துத் துடைப்பார்கள், மறுபடி பூக்கும். கண்ணாடிக் குப்பியில், மூடியைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். அந்துருண்டை எந்த நகைப் பைக்கும் வேண்டாம். அதன் ஆவி பொருளில் ஏறித் தோலை உறுத்தும்.

உளு விழுந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றை நீக்கி இறுக்கிக் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்; உடனே திறந்தால் நீர்த்துளி படிந்து வெடிக்கும். உளு துளைத்த தக்கையை மறுபடி துளைக்குள் போடக் கூடாது.

பழுதுகளும் காரணமும்

தக்கை சிக்கிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சோணையில் பத்து நிமிடம் வைத்து வீக்கத்தை வற்றவிடுங்கள். பிறகு விளிம்பைச் சுற்றி எண்ணெய் விட்டு, ஒருபக்கச் சதையை மட்டும் விளிம்பின் மேல் மெல்ல ஏற்றி, சாய்த்து எடுங்கள்.

துளையின் பின்புறம் சதை உதடு போலப் பிதுங்கினால் வேகமாகப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். உடனே ஓர் அளவு இறங்குங்கள். கண்ணாடித் தக்கை அணிந்து, மாதக்கணக்கில் பொறுங்கள். சோணை ஓரிடத்தில் மெலிந்து நூலாகத் தெரிந்தால் எடையுள்ள எதையும் தொங்கவிடக் கூடாது. கிழிந்த சோணையைத் தைக்க முடியும், ஆனால் மறுபடி குத்த நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் எது வந்தாலும் இயற்கை நகையைக் கழற்றி, அதே அளவில் கண்ணாடியோ டைட்டானியமோ போட்டு மருத்துவரிடம் போங்கள். துளையை வெறுமையாக விட்டால் வாய் மூடிச் சீழ் உள்ளே தங்கும். காதின் மேல்பகுதி சிவந்து வீங்கினால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குருத்தெலும்பில் ஏறும் கிருமி காதின் வடிவத்தையே குலைத்துவிடும்.

மரத்தில் இழை எழுந்தால் 800, 1200 எண் உப்புத்தாளால் இழையோடு தேய்த்து, மறுபடி எண்ணெயிட்டு, ஒருநாள் கழித்து அணியலாம். கொம்பில் ஏடு எழுந்தால் அந்த ஏட்டை முழுக்க எடுத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். சூப்பர் பசையால் ஒட்டி உள்ளே போடாதீர்கள். வெடித்த தக்கை, எவ்வளவு சிறிய வெடிப்பானாலும், துளைக்கு இனி ஆகாது. அந்தத் தக்கையின் முகப்பை மட்டும் 4 மி.மீ. கனத்துக்கு அறுத்து, மேலே ஒரு சிறு துளையிட்டு, தங்கக் கொக்கியில் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.